நாய்க்கு ஊசி: வருசா வருசமா, ரேபிஸ் மட்டுமா, ஒண்ணுமே வேணாமா?

எங்க தெருக்கோடி கிரவுண்டுல காலைல ஆறு மணிக்கு நாய் கூட்டிட்டு வர்றவங்க ஏழெட்டு பேர் இருக்கோம். அரசியல் பேசுனாக்கூட சண்டை வராது, நாய்க்கு எத்தனை ஊசிங்குற பேச்சு வந்துச்சோ, போச்சு. லேப்ரடார் வச்சிருக்க ரிட்டயர்டு சார் ஊசி கார்டுல ஒரு தேதி தள்ளிப் போனாலும் தூங்க மாட்டாரு. கோம்பை வச்சிருக்க அண்ணன், "எங்க தாத்தா காலத்துல எந்த நாய்க்குய்யா ஊசி போட்டாங்க"ம்பாரு. பக் வச்சிருக்க அக்கா, ரேபிஸ் மட்டும் போட்டா போதும், மத்ததெல்லாம் கிளினிக் பில்லை ஏத்தத்தான்னு சொல்ற கட்சி. புதுசா ஒரு தம்பி வர்றாப்ல, மூணு வருசத்துக்கு ஒருக்கா போதும், நடுவுல ரத்தத்துல டைட்டர் (நோய் எதிர்ப்பு இன்னும் இருக்கான்னு பாக்குற டெஸ்ட்டு) பாத்துக்கலாம்னு சொல்லி சாரோட பிபியை ஏத்தி விட்டுட்டாப்ல. நான் இந்த நாலு கட்சிலயும் கொஞ்ச கொஞ்ச நாள் இருந்துட்டு வந்தவன், அதனால எழுதுறேன்.

முதல்ல ரேபிஸ். இதுல ஒப்பிடவே ஒண்ணும் இல்ல. அறிகுறி வந்துருச்சுன்னா நாய்க்கும் வைத்தியம் இல்ல, மனுசனுக்கும் கிட்டத்தட்ட இல்ல. உலகம் முழுக்க வருசத்துக்கு சுமார் 59,000 பேர் இதுல சாகுறாங்கன்னு கணக்கு சொல்றாங்க, அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல நம்ம நாட்டுலதான், மனுசனுக்கு வர்றது 99 சதவீதம் நாய் மூலமா. மூணு மாசத்துல ஒண்ணு, ஒரு வயசுல ஒண்ணு, அப்புறம் வருசா வருசம், அவ்ளோதான். வெளிநாட்டுல இதே மருந்தை மூணு வருசத்துக்கு ஒருக்கா போடுறாங்களேன்னு தம்பி கேக்குறது சரியான கேள்விதான், ஆனா அங்க தெருவுக்குத் தெரு ரேபிஸ் சுத்தல, நம்ம ஊர்ல லைசென்ஸ் வாங்கப் போனாலும் கடிச்சு பிரச்சனையானாலும் இந்த வருச சர்டிபிகேட் எங்கன்னுதான் கேப்பாங்க. காசுன்னும் சாக்கு சொல்ல முடியாது, ஜூலை 6 அன்னைக்கு பல ஊர்ல அரசு கால்நடை ஆஸ்பத்திரியிலேயே இலவசமா போடுறாங்க (1885ல பாஸ்டர் முதல் தடவையா ஒரு பையனுக்கு ரேபிஸ் ஊசி போட்ட நாள் அது). இன்னொண்ணு, ஊசி போட்ட நாய்தானேன்னு கடி வாங்கிட்டு சும்மா இருக்காதீங்க, சோப்பு போட்டு 15 நிமிசம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

அடுத்து கோம்பை அண்ணன் கட்சி, நாட்டு நாய்க்கு ஒண்ணும் ஆகாதுங்குறது. கேக்க நல்லாத்தான் இருக்கு, நானும் சிப்பிப்பாறை வச்சிருக்கவன், எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனா தெருவுல ஒரு ஈத்துக்கு ஆறு குட்டி போடுது, ரெண்டு மாசம் கழிச்சு எத்தனை நிக்குதுன்னு எண்ணிப் பாத்திருக்கீங்களா? மிஞ்சுன ஒண்ண பாத்துட்டு இரும்பு ஒடம்புய்யாங்குறோம், செத்த அஞ்ச கார்ப்பரேஷன் வண்டி அள்ளிட்டுப் போயிருக்கும், நம்ம கண்ணுல படாது. அப்புறம் தாத்தா காலம். தாத்தா காலத்துல பார்வோன்னு குட்டிங்கள ரத்தக் கழிச்சல்ல கொல்ற இந்த வைரஸ் வியாதியே கிடையாதுங்க, 1978 வாக்குலதான் அது உலகத்துக்கே தெரிய வந்துச்சு. இல்லாத வியாதிக்கு தாத்தா எப்படி ஊசி போடுவாரு? அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன், "அப்ப அது வெள்ளைக்கார நாய்ங்க கொண்டு வந்ததுதானே"ன்னு வேற பக்கம் போயிட்டாரு.

எனக்கு பார்வோ தெரிஞ்சது புத்தகத்துல படிச்சு இல்ல. என் முதல் சிப்பிப்பாறை குட்டிய வாங்குனப்ப வளர்க்குறவர், "ரெண்டு ஊசி போட்டாச்சு தம்பி, இனி ஒரு வருசத்துக்கு கவலை இல்ல"ன்னு ஒரு கார்டு குடுத்தாரு. 40வது நாள் ஒண்ணு, 60வது நாள் ஒண்ணுன்னு பேனாவுல தேதி எழுதி இருந்துச்சு, பாட்டில்ல இருந்து உரிச்சு ஒட்டுற ஸ்டிக்கர் இல்ல, நான் அதை கவனிக்கவும் இல்ல. 90 நாள் தாண்டி ஒரு நாள் காலைல சோத்தை மோந்து பாத்துட்டு மூலைல போய் படுத்துச்சு. மத்தியானம் வாந்தி, ராத்திரி ரத்தமா கழிச்சல், அந்த வாடை ஒரு தடவை மோந்தவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். முன்னங்கால்ல சேவ் பண்ணி டிரிப்ஸ் போட்டுட்டு மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், நாலாவது நாள் போயிருச்சு.

ரெண்டு ஊசி போட்டும் எப்படி டாக்டர்னு கேட்டேன். அவர் சொன்னது: சீம்பால் வழியா தாய்கிட்ட இருந்து ஒரு காவல்காரன் குட்டி ஒடம்புக்குள்ள வந்திருப்பான், அவன் நோயை மட்டும் அடிக்க மாட்டான், நாம போடுற தடுப்பூசியையும் திருடன்னு நெனச்சு அடிச்சுப் போட்டுருவான். அவன் எப்ப வேலைய விட்டுப் போவான்னு யாருக்கும் தெரியாது, ஒரு குட்டிக்கு 8 வாரத்துல, ஒரு குட்டிக்கு 12, சிலதுக்கு 16 வாரம்கூட ஆகும். அதனாலதான் 6 - 8 வாரத்துல ஆரம்பிச்சு ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்கு ஒருக்கா திருப்பித் திருப்பி போடுறது, கடைசி ஊசி 16 வாரம் முடிஞ்சு விழணும். நான் அது வரைக்கும் ஊசின்னா வீடு கட்டுற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குறதுன்னு நெனச்சிட்டிருந்தேன். அது கதவு தட்டுற மாதிரிங்க, எந்தத் தட்டுக்குத் திறக்கும்னு தெரியாம தட்டுறது. அதனால கிரவுண்டுல யாராவது "எங்க குட்டிக்கு மூணு ஊசி ஆச்சு, நாலு ஊசி ஆச்சு"ன்னா நான் எண்ணிக்கைய கேக்குறதே இல்ல, கடைசி ஊசி எத்தனாவது வாரத்துல போட்டீங்கன்னு மட்டும்தான் கேப்பேன். 60 நாளுக்குள்ள மூணு ஊசிய முடிச்சவன விட 17வது வாரத்துல ஒண்ணு போட்டவன் நிம்மதியா இருக்கலாம்.

இப்ப சாரும் தம்பியும், அதாவது வருசா வருசமா மூணு வருசமா. இதுல ரெண்டு பேருமே பாதி பாதி சரி. டிஸ்டெம்பர், ஹெபடைடிஸ், பார்வோ இந்த மூணு வைரஸ் வியாதிக்கும் குட்டிக் கோர்ஸ் ஒழுங்கா முடிச்சு, ஆறு மாசத்துல இல்லன்னா ஒரு வயசுல இன்னொண்ணும் போட்டுட்டா அப்புறம் மூணு வருசத்துக்குள்ள திரும்ப போட வேண்டியதில்லன்னுதான் உலக அளவுல கால்நடை டாக்டர்கள் சங்கத்தோட வழிகாட்டியே சொல்லுது. தம்பி ஜெயிச்சாப்லன்னு நெனைக்காதீங்க, லெப்டோ இருக்கு. எலி மூத்திரத்துல வர்றது, அது வைரஸ் இல்ல பாக்டீரியா, அந்த ஊசி தாங்குறது ஒரு வருசம்தான், டைட்டர் டெஸ்ட்ட வச்சும் லெப்டோவுக்கு பாதுகாப்பு இருக்கா இல்லையான்னு சொல்ல முடியாது. மழை பேஞ்சா சாக்கடையும் ரோடும் ஒண்ணாகுற நம்ம ஊர்ல அதை விட்டுட்டு என்ன பண்றது? லெப்டோவ மட்டும் தனியா போடலாம், எல்லா கிளினிக்லயும் வச்சிருக்க மாட்டாங்க, கேட்டா வரவழைச்சுத் தர்றவங்க இருக்காங்க. இல்லாதப்ப மொத்தமா செவன் இன் ஒன்னா (இதெல்லாம் சேந்து ஒரே ஊசியா வர்றது) போட்டுட்டு வந்துருவேன். டைட்டருக்கு எனக்கு சொன்ன ரேட்டுல ரெண்டு ஊசியே போட்டுரலாம்.

செவன் இன் ஒன்னா நைன் இன் ஒன்னாங்குறது இதை விட சின்ன சண்டை. பெரும்பாலும் கூடுதலா வர்றது லெப்டோவுல இன்னும் சில வகை, அப்புறம் நாய் கொரோனா (நமக்கு வந்த கொரோனா இல்ல). லெப்டோ வகை கூடுனா லாபம், கொரோனாவுக்காக காசு கூட குடுக்க வேண்டியதில்ல.

பக் அக்காவ சும்மா சொல்லக் கூடாது, அவங்க பயத்துக்குக் காரணம் இருக்கு. ஒரே நாள்ல ரேபிஸும் செவன் இன் ஒன்னும் சேத்துப் போட்டு, வீட்டுக்கு வர்ற ஆட்டோலயே மூஞ்சி பந்து மாதிரி வீங்கிருச்சு, அதே ஆட்டோவ திருப்பிட்டுப் போய் அலர்ஜி ஊசி போட்டு சரியாச்சு. அரிதுதான், ஆனா சின்ன சைஸ் நாய்க்கு ஒரே நேரத்துல நெறைய போட்டா வாய்ப்பு கொஞ்சம் கூடும். ஒரு நாள் சோர்வு, போட்ட எடத்துல கட்டி, இதெல்லாம் சாதாரணம். நான் அவங்களுக்குச் சொன்னது ரெண்டையும் மூணு வாரம் பிரிச்சுப் போடுங்க, போட்டுட்டு அரை மணி நேரம் கிளினிக் வாசல்லயே உக்காருங்கன்னுதான். ஊசிக்குப் பதிலா ஹோமியோபதி உருண்டை குடுக்குறேன்னாங்க, அது பார்வோவ தடுக்கும்னு எந்த ஆதாரமும் இல்லக்கா, வேணாம்னுட்டேன்.

கடையில வாங்கி நாமளே போட்டுக்குற கட்சியும் ஒண்ணு உண்டு. ஊசி குத்துறது கஷ்டமில்லதான். மருந்து 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணுமே! ஒருத்தர் சட்டைப் பையில பாட்டில போட்டுக்கிட்டு மே மாச வெயில்ல டவுன் பஸ்ல வந்ததை என் கண்ணால பாத்தேன். பாட்டில் அடியில சின்னதா வெள்ளை வில்லை மாதிரி காஞ்சு இருக்குமே, அதுதான் உயிரோட இருக்க வைரஸ், சூட்டுல செத்துப் போனாலும் பாக்க அதே வெள்ளையாத்தான் இருக்கும்.

கோர்ஸ் முடியுற வரைக்கும் குட்டிய வெளிய விடலாமா வேணாமாங்குறதுல டாக்டர்களுக்குள்ளயே ரெண்டு பேச்சு. 14 வாரத்துக்குள்ள மனுசங்க, வண்டிச் சத்தம், மத்த நாய் எல்லாம் பழகலேன்னா பெருசானதும் பயந்து கடிக்கும், வெளிய விட்டா மண்ணுல பார்வோ, அது மாசக்கணக்கா ஏன் ஒரு வருசம் கூட மண்ணுல கிடக்கும், சாதா பினாயிலுக்கெல்லாம் சாகாது, பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தணும். இப்ப இருக்க கருப்பன நான் தரைல விடாம தோள்ல தூக்கிக்கிட்டு டீக்கடை, பஸ் ஸ்டாப்புன்னு காட்டுனேன், தரைல விட்டது ஊசி போட்ட நாய் இருக்க சொந்தக்காரங்க வீட்டுல மட்டும். கடைக்காரர் சிரிச்சாரு, சிரிச்சுட்டுப் போறாரு.

கோம்பை அண்ணன் போன ஜூலை 6 முகாமுக்கு வந்து வரிசைல நின்னாரு, "ரேபிஸ் மட்டும்தான், வேற எதுவும் கேக்காத"ன்னு சொல்லிக்கிட்டே. இப்ப அவர் வீட்டுல அஞ்சு குட்டி, 38 நாள் ஆகுது. 45ல முதல் ஊசி ஆரம்பிங்கண்ணே, கடைசி ஊசி 16 வாரம் தாண்டி விழணும்னு தேதி போட்டு ஒரு தாள்ல எழுதிக் குடுத்திருக்கேன், மடிச்சு பையில வச்சுக்கிட்டாரு.