சருகுக்கு யார் வருவார்கள்?

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, இந்த ஜனவரியில் டொராண்டோவிலிருந்து ஊருக்குப் போனேன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம். தோப்பு வேலியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் கோவை மாவட்டம் வந்துவிடும். வீட்டில் தமிழ், பஞ்சாயத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும். சின்னம்மா வீட்டுச் சுவரில் கியூஆர் குறியீடு அச்சிட்ட அட்டை ஒன்று புதிதாக ஒட்டியிருந்தது.

அது எதற்கென்று மூன்றாம் நாள் தெரிந்தது. பச்சை மேலங்கி அணிந்த இரண்டு பெண்கள் வந்தார்கள், வீடு வீடாக வந்து மக்காத குப்பையைச் சேகரிக்கும் ஹரித கர்ம சேனையைச் சேர்ந்தவர்கள். சின்னம்மா கழுவிக் காயவைத்துச் சாக்கில் கட்டியிருந்த பால் கவர்களையும் எண்ணெய் பாக்கெட்டுகளையும் வாங்கிக்கொண்டு, போனில் பதிவு செய்து, 50 ரூபாய்க்கு ரசீது கொடுத்தார்கள். "அம்மிணி, மோர் குடித்துவிட்டுப் போங்கள்" என்று சின்னம்மா திண்ணையில் உட்கார வைத்தார். என் சிறு வயதில் இதெல்லாம் வாய்க்காலுக்குத்தான் போகும். 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக்கிடங்கு தீப்பிடித்து, பன்னிரண்டு நாள் ஊரே புகையில் திணறிய பிறகு மாநிலம் முழுவதும் இந்த வேலை முடுக்கிவிடப்பட்டது. அதன் பலனை எங்கள் வாய்க்கால் கரையில் கண்ணால் பார்த்தேன்.

மக்கும் குப்பைக்கு மட்டும் யாரும் வருவதில்லை. அதை அவரவர் வீட்டிலேயே உரமாக்க வேண்டும் என்பது கேரளத்தின் கொள்கை. சரியான கொள்கை. திருவனந்தபுரத்தின் குப்பையைச் சுமந்து சலித்த விளப்பில்சாலை மக்கள் போராடி, 2011-இல் அங்கிருந்த ஆலையை மூடவைத்தார்கள். ஓர் ஊர்க் குப்பையை இன்னோர் ஊர் ஏன் சுமக்க வேண்டும்?

சின்னம்மாவுக்கும் மானியத்தில் ரிங் கம்போஸ்ட் என்ற உரத் தொட்டி கிடைத்திருக்கிறது. கொல்லையில் இரண்டு சிமென்ட் தொட்டிகள். ஒன்றின் மூடியைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அடித்தது. மேலே ஊசிப்போன சோறு, பழத்தோல், மீன் செதில். அடியில் கறுப்புக் குழம்பு. விளிம்பெல்லாம் புழு. "இதற்குப் பயந்துதான் கண்ணு, பாதியை வெளியே கொட்டிவிடுகிறேன்" என்றார்.

அதே நேரத்தில் பக்கத்துத் தோப்பிலிருந்து புகை வந்தது. சருகு எரிக்கிறார்கள். எரித்தால் அபராதம் என்று பஞ்சாயத்துப் பலகை சொல்கிறது. பிறகு அதை என்னதான் செய்வது? தென்னை ஆண்டுக்குப் பன்னிரண்டு மட்டையாவது உதிர்க்கும். சின்னம்மாவிடம் பதினொரு மரங்கள். மாதத்துக்குப் பதினோரு மட்டை, அதோடு பாளை, பன்னாடை, மாவிலை. முன்பு ஓலை கிடுகானது, ஈர்க்கு சீமாறானது, மட்டை அடுப்பெரித்தது. இன்று கூரை கான்கிரீட், அடுப்பு கேஸ். சேனைப் பெண்களிடம் கேட்டேன். "சருகு எங்கள் கணக்கில் இல்லை அண்ணா" என்றார் ஒருவர்.

கோளாறு இங்கேதான் இருக்கிறது. தொட்டி நாறுவதற்குக் காரணம் உள்ளே சருகு இல்லாதது. சமையல் கழிவில் ஈரமும் நைட்ரஜனும் அதிகம், சருகில் கார்பன் அதிகம். கார்பன் ஏறக்குறைய முப்பது பங்கு, நைட்ரஜன் ஒரு பங்கு என்று அமைந்தால் நாற்றமில்லாமல் மக்கும். கேரளத்திலேயே உருவான தும்பூர்முழி முறையும் சாணம், சருகு, கழிவு என்று அடுக்கடுக்காகப் போடுவதுதான். ஒன்றுக்கொன்று மருந்தாக வேண்டிய இரண்டில் ஒன்றைத் தொட்டியில் அழுகவிடுகிறோம், மற்றதைக் கொளுத்துகிறோம்.

மாவிலைச் சருகை நொறுக்கி, ஒரு கூடை சாணத்தோடு அடுக்கினேன். ஐந்தாம் நாள் மூடியைத் திறந்தபோது நாற்றம் அடங்கி, கை வைத்தால் சுடுகிற சூடு இருந்தது. சின்னம்மா குனிந்து முகர்ந்து பார்த்து, "மழை பெய்த மண் மாதிரி இருக்கிறதே" என்றார்.

டொராண்டோவில் சமையல் கழிவை வாரம் ஒருமுறை பச்சைத் தொட்டியிலிருந்து எடுக்கிறார்கள். இலைதழையைக் காகிதப் பைகளில் தனியாக வாங்குகிறார்கள். வெட்டிய புல்லை மட்டும் வாங்குவதில்லை, அதைப் புல்தரையிலேயே விடச் சொல்கிறார்கள். எங்கள் ஊருக்கு அந்த லாரிகள் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசி மண்ணை உலர்த்தும் மழை குறைந்த பகுதி இது. தென்னம்பாத்தியில் மூடாக்காகக் கிடந்து ஈரம் காக்க வேண்டிய ஓலையை வெளியே அனுப்புவதும் நட்டம்தான். முழு மட்டையை நறுக்குவது வயதானவர்களால் ஆகாது. வார்டுக்கு ஒரு நறுக்கும் இயந்திரம் முறை வைத்து வந்தால் போதும்.

இன்னொன்று, தொட்டியோடு தந்த விளக்கத்தாள் முழுவதும் மலையாளம். சின்னம்மாவுக்குப் பேச வரும், படிக்க வராது. மொழிச் சிறுபான்மைப் பகுதி அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுத 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமே இடம் தருகிறது. இயந்திரம் வேண்டும், தமிழில் விளக்கத்தாள் வேண்டும் என்று சின்னம்மா பெயரில் தமிழிலேயே மனு எழுதிக் கொடுத்து, முத்திரையிட்ட நகலும் வாங்கினோம்.

போன வாரம் போனில் பேசினேன். இரண்டாவது தொட்டியையும் தொடங்கிவிட்டாராம். பக்கத்துத் தோப்புக்காரர் சருகு மூட்டையை வேலிக்கு மேலாகக் கொடுக்கிறாராம். மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. அடுத்த கிராம சபைக்கு நகலோடு போவதாகச் சொன்னார்.