ஒரே நாளில் ஜன்னல் கண்ணாடி மாற்றித் தருகிறேன் என்பவரிடம் ஏமாறாதீர்கள்

எங்கள் வீட்டு ஜன்னல்கள் பழையவை. மரச் சட்டம், ஒற்றைக் கண்ணாடி, ஓரத்தைச் சுற்றிப் பட்டி, அதாவது கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்து வைக்கும் பூச்சு (putty). அந்தப் பட்டி கல்லாக இறுகி, வெடித்து, அங்கங்கே உதிர ஆரம்பித்திருந்தது. காற்றடித்தால் கண்ணாடி கடகடவென்று ஆடும். மொத்தம் எட்டு ஜன்னல் கதவுகள். பழைய பட்டியை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் போதும் என்று நினைத்துத்தான் ஆள் தேடினேன்.

வந்தவர் நன்றாகப் பேசினார். ஜன்னலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பழைய கண்ணாடி மேடம், காலப்போக்கில் உருகிக் கீழே இறங்கியிருக்கு, பாருங்க அலை அலையா இருக்கு. இதுக்கு இனி பலம் இல்லை. எல்லாத்தையும் 5 மி.மீ. கண்ணாடியா மாத்திடலாம், வெயில் சூடும் உள்ளே வராது. பட்டியெல்லாம் பழைய காலம், இப்ப சிலிக்கான் பசைதான். ஒரே நாள் வேலை, சாயந்தரமே பெயின்ட் அடிச்சுக் கொடுத்துடறேன்" என்றார். ஒரே நாள் என்ற சொல்லில்தான் நான் விழுந்தேன். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, நாள் கணக்கில் ஜன்னலைத் திறந்துபோட முடியாதே என்ற கவலை எனக்கு. முழுத் தொகையையும் அன்றே வாங்கிக்கொண்டு போனார்.

அவர் சொன்னதில் ஒன்றுகூட உண்மையில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கண்ணாடி அறை வெப்பத்தில் உருகி இறங்குவதில்லை. பழைய கண்ணாடியில் தெரியும் அலை, அதைச் செய்த முறையால் வந்தது. உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுச் சமதளமாக எடுக்கும் முறையை பில்கிங்டன் நிறுவனம் 1959-இல்தான் அறிவித்தது. அதற்கு முன்பு ஊதியும் இழுத்தும் செய்த கண்ணாடிகளில் அந்த மெல்லிய நெளிவு இருக்கும். அது பலவீனத்தின் அடையாளம் இல்லை. அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெளியே உள்ள மரம் லேசாக அசைவது போல இருக்கும். எனக்கு அது மிகவும் பிடிக்கும். எட்டில் ஆறை அவர் உடைத்து மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பணம் போனதைவிட இதுதான் இன்றும் மனதை அறுக்கிறது.

சூடு வராது என்றதும் பொய். ஒற்றைக் கண்ணாடியில் தடிமனைக் கூட்டுவதால் வெப்பம் கடப்பது கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. வெப்பக் கடத்தலைச் சொல்லும் யு-மதிப்பு 4 மி.மீ. கண்ணாடிக்கு ஏறத்தாழ 5.8 என்றால், 6 மி.மீ.க்கு 5.7. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் எடை கூடும். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 2.5 கிலோ. எங்கள் வீட்டில் இருந்தது 3 மி.மீ., அதாவது சதுர மீட்டருக்கு 7.5 கிலோ. 5 மி.மீ. போட்டதும் அது 12.5 கிலோ ஆகிவிட்டது. பழைய கீல்கள் தாங்கவில்லை, இரண்டு கதவுகள் தொங்க ஆரம்பித்தன.

அன்று நடந்த வேலையைச் சொல்கிறேன். இறுகிய பட்டியை முழுவதும் எடுக்கவே இல்லை. உளியால் தட்டி வந்த வரைக்கும் எடுத்தார், மிச்சத்தை அப்படியே விட்டு மேலே சிலிக்கானைப் பிதுக்கினார். வீடு முழுக்க வினிகர் வாடை. அப்புறம் சட்டத்தில் கண்ணாடி உட்காரும் பள்ளமான காடிக்குச் சரியாக, இம்மி இடைவெளி இல்லாமல் கண்ணாடியை வெட்டிப் பொருத்தினார். மேலே பெயின்ட். பார்க்கப் பளபளவென்று இருந்தது, நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

முதல் மழையிலேயே கீழ்ச் சட்டத்தின் உள்பக்கம் தண்ணீர் கசிந்தது. சிலிக்கான் மேல் பெயின்ட் ஒட்டாது என்பதால் நாடா நாடாக உரிந்து வந்தது. ஈரத்தில் மரம் உப்பியதும், இடைவெளியே இல்லாத ஒரு கண்ணாடி மூலையிலிருந்து விரிசல் விட்டது. போன் செய்தேன். முதலில் "நாளைக்கு வர்றேன்" என்றார், பிறகு எடுக்கவே இல்லை.

இதைவிடப் பயந்த விஷயம் ஒன்று உண்டு. சட்டத்தில் இருந்த பழைய பெயின்டை அவர் உப்புத்தாள் போட்டு வறண்ட நிலையில் தேய்த்தார். தரையெல்லாம் வெள்ளைத் தூசி. பழைய பெயின்டில் காரீயம் இருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. பின்னால் சோதனைக் குச்சி வாங்கித் தேய்த்துப் பார்த்தேன், இருந்தது. குழந்தைகளுக்குக் காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைக்கு இரத்தப் பரிசோதனை செய்து முடிவு வரும்வரை நான் தூங்கவில்லை. நல்லவேளை, கவலைப்படும்படி இல்லை என்றார் மருத்துவர். தயவுசெய்து இந்த ஒன்றையாவது மனதில் வையுங்கள். பழைய ஜன்னலைத் தொடும் முன் பெயின்டைச் சோதியுங்கள். இருந்தால் ஈரப்படுத்தித்தான் தேய்க்க வேண்டும், கீழே பிளாஸ்டிக் விரிக்க வேண்டும், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. தூசியைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

சரி, திரும்பச் செய்ய ஒரு வயதான தச்சரைப் பிடித்தேன். முதல் நாளே, "மூணு வாரமாவது ஆகும்மா, சம்மதமா?" என்று கேட்டார். முன்பு என்றால் அந்தக் கேள்விக்கே வேறு ஆளைத் தேடியிருப்பேன்.

அவர் ஒவ்வொரு கதவாகக் கழற்றி மேசையில் கிடத்தினார். சிலிக்கானையும் பழைய பட்டியையும் வெறும் மரம் தெரியும்வரை எடுத்தார். பாதி நேரம் சிலிக்கானைச் சுரண்டுவதற்கே போனது. அது ஒரு படலமாக மிஞ்சினாலும் புதுப் பட்டி ஒட்டாது. காடி சுத்தமானதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு கதவுகளில் கீழ்மூலை மரம் மக்கியிருந்தது. முதல் ஆள் அதன் மேல்தான் சிலிக்கானைப் பூசி மூடியிருக்கிறார்.

பட்டி என்பது சுண்ணக்கட்டிப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்தது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கித்தான் மெதுவாக இறுகும். காய்ந்த மரத்தில் நேரடியாக வைத்தால் மரம் எண்ணெயை உறிஞ்சிவிடும், பட்டி பொடியாக உதிரும். அதனால் முதலில் காடிக்கு பிரைமர் என்ற அடிப்பூச்சு. பிறகு மெல்லிய பட்டிப் படுக்கை, அதன் மேல் கண்ணாடி. சுற்றிலும் ஒன்றரை மி.மீ. அளவுக்கு இடைவெளி விட்டு வெட்டினார். கண்ணாடி நகராமல் சிறிய தலையில்லாத ஆணிகள், அவற்றை மூடும்படி வெளிப்புறம் சரிவாகப் பட்டி. மேற்பரப்பு தோல் கட்டும்வரை ஒன்றிரண்டு வாரம் தொடக்கூடாது. அதன் பிறகே பெயின்ட், அதுவும் கண்ணாடி மேல் 2 மி.மீ. ஏறும்படி. அந்த மெல்லிய கோடுதான் பட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே தண்ணீர் இறங்காமல் தடுக்கிறது. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி எறியாமல் வெளியே விரித்துப் போட்டார். குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்றார். அது உண்மைதான், தெரியாமல் குப்பைக் கூடையில் போட்டுவிடாதீர்கள்.

ஆகவே ஆளை வைக்கும்போது, பழைய பட்டியை முழுதும் எடுத்ததும் வெறும் காடியை எனக்குக் காட்டுவீர்களா என்று கேளுங்கள். தயங்கினால் வேண்டாம். எந்தப் பொருளை வைக்கப் போகிறார், பெயின்டுக்கு எத்தனை நாள் விடுவார் என்றும் கேளுங்கள். உடையாத கண்ணாடியை உடைக்கக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். பெயின்ட் முடியும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

மிஞ்சிய இரண்டு பழைய கண்ணாடிகளையும் தச்சர் முன்னறை ஜன்னலுக்கே வைத்துக் கொடுத்தார். மாடிப்படி ஜன்னல் மட்டும் இன்னும் பாக்கி. அதில் சிலிக்கானைச் சுரண்டி முடியவில்லை, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.