சம்பளமில்லா இன்டர்ன்ஷிப்பா, 9,000 ரூபாய் அப்ரண்டிஸா?

மெக்கானிக்கல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிற சித்தி மகன் போன வாரம் போன் செய்தான். சென்னையில் ஒரு டிசைன் கம்பெனி மூன்று மாத இன்டர்ன்ஷிப்புக்குக் கூப்பிடுகிறதாம். சம்பளம் கிடையாது, சர்டிஃபிகேட் உண்டு, "நல்லா பண்ணினா அப்புறம் பார்க்கலாம்" என்றார்களாம். இன்னொரு பக்கம், ஊருக்குப் பக்கத்திலேயே அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஒரு வருட அப்ரண்டிஸ், அதாவது உதவித்தொகையோடு தொழில் பழகும் பயிற்சிக்கு அறிவிப்பு. "எதுக்குண்ணே போகட்டும்?" என்றான். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்துவிட்டு வந்தவன் என்பதால் என்னிடம் கேட்டான். போனில் பாதி சொல்லி மீதியை மென்று விழுங்கியதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் அப்ரண்டிஸ் பக்கம் சாய்கிறவன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பணக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். சென்னையில் நான் ஒரு டிசைன் ஆபீசில் சம்பளமில்லாமல் மூன்று மாதம் இன்டர்ன்ஷிப் செய்தபோது, அம்பத்தூரில் மூன்று பேர் சேர்ந்து எடுத்த அறை, மெஸ், மின்சார ரயில் சீசன் டிக்கெட் எல்லாமாகச் சேர்த்து மாதம் எட்டாயிரத்துக்குக் குறையாமல் அப்பா அனுப்பினார். வேலை கம்பெனிக்கு, சம்பளம் அப்பாவிடமிருந்து. பிறகு அப்ரண்டிஸாகப் போன பஸ் டிப்போவில் மாதம் 9,000 ரூபாய். 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி அப்போது பட்டதாரி அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவாக இருந்தது, டிப்ளமோ முடித்தவருக்கு 8,000. அந்தக் குறைந்தபட்சத்தில் பாதியை மத்திய அரசு ஏற்றது. வீட்டிலிருந்தே போய்வந்ததால் கையில் கொஞ்சம் நின்றது. இதற்கு மேல் பணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நான் சொல்ல வந்தது நேரத்தைப் பற்றி.

டிசைன் ஆபீசில் இரண்டாவது வாரம் என்னிடம் ஒரு ஃபோல்டரைக் கொடுத்தார்கள். உள்ளே 340 டிராயிங். வாடிக்கையாளர் நிறுவனம் பெயரை மாற்றிக்கொண்டதால், ஒவ்வொன்றையும் ஆட்டோகேடு என்ற வரைபட மென்பொருளில் திறந்து, வலது கீழ் மூலையில் விவரங்கள் இருக்கும் டைட்டில் பிளாக் கட்டத்தில் பழைய பெயரை அழித்துப் புதிய பெயரைப் போட்டு, ரிவிஷன் எண்ணை ஒன்று கூட்டி, பிடிஎஃப் எடுத்து வைக்க வேண்டும். ஒன்றுக்கு ஐந்தாறு நிமிடம். இடையிடையே "தம்பி, இந்த பிரிண்ட்டை எடுத்துட்டு வா" வேறு. முடிக்க ஒரு வாரம் ஆனது. முடித்தபோது பெருமையாகக்கூட இருந்தது. அதே ஆபீசில் என்னிடமிருந்து நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த சீனியர் ஒருவர், இதே வேலையை ஆட்டோகேடே தானாகச் செய்யும்படி லிஸ்ப் மொழியில் சின்ன நிரல் எழுதி மதியச் சாப்பாட்டுக்குள் முடிக்கக்கூடியவர் என்பது கடைசி வாரத்தில்தான் தெரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. அவருடைய அரை நாளுக்குச் சம்பளம் போகிறது, என் ஒரு வாரத்துக்குப் போகவில்லை. அதனால் அந்த நிரலை எழுதவும் யாருக்கும் அவசியம் வரவில்லை, எனக்குச் சொல்லித்தரவும் வரவில்லை.

எனக்கு எல்லாவற்றையும் முடிவு செய்த விஷயம் இதுதான். ஓசியில் கிடைக்கிற ஆளின் நேரத்தை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கணக்குப் பார்க்காத இடத்தில், இவனை எப்படிச் சீக்கிரம் தேற்றுவது என்ற யோசனையும் எழாது. எதிர்பார்ப்பு மட்டும் சம்பளக்காரருக்குச் சமமாக இருக்கும். சொந்த லேப்டாப் கொண்டுவர வேண்டும். சனிக்கிழமை வர வேண்டும். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்திக்கு "ஓகே சார்" போட வேண்டும். ஆறரைக்குப் பையை மாட்டினால் "என்ன, இன்னைக்கு அரை நாளா?" என்று ஒரு சிரிப்பு. அதை எதிர்த்துக் கேட்க என்னிடம் என்ன காகிதம் இருந்தது? கல்லூரி கொடுத்த பொனஃபைடு சான்றிதழ் ஒன்றுதான். நேரம், விடுப்பு, என்ன கற்றுத்தருவார்கள் என்று எதுவுமே எழுத்தில் இல்லை.

டிப்போ கதை வேறு மாதிரி. அங்கே யாரும் அன்பாக நடத்தினார்கள் என்று சொல்ல வரவில்லை. முதல் நாளே கிரீஸ் டப்பாவைத் தூக்க வைத்தார்கள். ஆனால் என் பெயரில் ஓர் ஒப்பந்தம் இருந்தது, அது சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தில் பதிவாகியிருந்தது. எந்த மாதம் எந்தப் பிரிவு என்று அட்டவணை போட்டார்கள்: பிரேக், இன்ஜின், எலக்ட்ரிக்கல், டயர். ஒவ்வொரு பிரிவிலும் என்ன பார்த்தேன் என்று நான் எழுத, பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். 1961இன் அப்ரண்டிஸ் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வாரியத்தின் ஆலோசகர் அனுமதிக்காமல் அப்ரண்டிஸை ஓவர்டைம் பார்க்க வைக்கக் கூடாது. அந்த அனுமதியும் பயிற்சிக்கு உதவும் என்றாலோ பொதுநலன் என்றாலோதான். வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டு. சட்டத்தில் எழுதியது அத்தனையும் டிப்போவில் அப்படியே நடந்ததா என்றால் இல்லை. ஆனாலும் ஐந்தரைக்கு நான் கை கழுவப் போனால் யாரும் கேலி செய்யவில்லை.

ஒரு நாள் பிட்டில், அதாவது பஸ்ஸுக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் பள்ளத்தில், இறங்கியிருந்தோம். மேலே ஒரு டவுன் பஸ், பின் சக்கரம் ஜாக்கியில். டெக்னீஷியன் அண்ணன் பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரில் ஸ்பானரை வைத்து, "லைனிங் டிரம்மைத் தொடுற வரைக்கும் இறுக்கு. அப்புறம் அரைச் சுற்று திருப்பி விடு" என்றார். இறுக்கினேன், விட்டேன். சக்கரத்தைக் கையால் சுழற்றச் சொன்னார். சர்ர்ரென்று ஓர் உரசல். "பத்தலை, இன்னும் கொஞ்சம் விடு. இப்படியே ரூட்டுக்கு அனுப்பினா டிரம் காய்ஞ்சு புகை வரும்." இரண்டாவது தடவை சுழற்றியபோது சத்தமில்லாமல் ஓடியது. அவர் எனக்குச் சொல்லித்தந்ததற்குப் பெரிய மனசு மட்டும் காரணமில்லை. மறுநாள் ஆள் குறைவு, நான் பழகிவிட்டால் ஒரு பஸ் கூடுதலாக வெளியே போகும். என் நேரம் அவருக்குத் தேவைப்பட்டது. அதனால் அதை வீணாக்கவில்லை.

சரி, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தச் சம்பளமில்லாத மூன்று மாதத்தில்தான் என் ஆட்டோகேடு கை வேகமானது. ஆபீசில் எப்படி மெயில் எழுதுவது, கூட்டத்தில் எப்போது வாயைத் திறப்பது என்பதெல்லாம் அங்கே பழகியதுதான். இன்று நான் பார்ப்பது டிராயிங் வேலை. இன்டர்வியூவில் டிப்போ சர்டிஃபிகேட்டை மேலோட்டமாகப் புரட்டியவர்கள், டிசைன் ஆபீஸ் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இது எனக்கே கொஞ்சம் எரிச்சல்தான்.

அப்ரண்டிஸிலும் ஓட்டைகள் உண்டு. சட்டப்படி நாம் பயிற்சியாளர், தொழிலாளி இல்லை. ஒரு வருடம் முடிந்ததும் வேலை கொடுத்தாக வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. எனக்குக் கிடைக்கவில்லை. காலிப்பணியிடத்தை நிரப்பாமல் அப்ரண்டிஸை வைத்தே ஓட்டும் இடங்களும் இருக்கின்றன. அங்கே மாட்டினால் ஒரு வருடம் முழுக்க ஒரே பிரிவுதான். இன்னொன்று, படிப்பு முடிந்து ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் ஆகிவிட்டால் இந்தத் திட்டத்தில் சேர முடியாது. அதனால் 'இன்டர்ன்ஷிப்பை முடித்துவிட்டு மெதுவாகப் பார்க்கலாம்' என்று இழுத்துக்கொண்டே போனால் கதவு சாத்திக்கொள்ளும்.

மூன்றாவதாக, 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டமும் இருக்கிறது: மாதம் 5,000 ரூபாய், பெரிய கம்பெனிகளில் ஒரு வருடம் என்று அறிவித்தார்கள். நான் அதில் சேர்ந்ததில்லை, அதனால் விட்டுவிடுகிறேன். மென்பொருள், பத்திரிகை, தொண்டு நிறுவனம் பக்கமும் எனக்கு அனுபவம் கிடையாது; அங்கே கணக்கு வேறாக இருக்கலாம். படிக்கும்போதே லீவில் இரண்டு வாரம் போய்வருகிற இன்பிளான்ட் டிரெய்னிங்குக்குச் சம்பளம் கேட்கச் சொல்லவும் மாட்டேன். நான் சொல்வது பட்டம் வாங்கிய பிறகு, முழு நேரமாக, மாதக்கணக்கில் உழைப்பதைப் பற்றி. "ஜூனியர் என்றால் முதல் சில வருடம் சும்மாதான்" என்பதற்குப் பேர்போன வக்கீல் தொழிலிலேயே, ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விடும்படி 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. டிராயிங் ஆபீசுக்கு மட்டும் என்ன தனி வழக்கமோ.

சித்தி மகனிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டுப்பார்க்கச் சொன்னேன்: அந்தக் கம்பெனியில் உனக்கு வேலை சொல்லித்தரப் போகிற ஆள் யார், அவர் பெயர் என்ன? மறுநாள் கேட்டிருக்கிறான். "நீங்க முதல்ல வாங்க தம்பி, அதெல்லாம் வந்தப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்களாம். இப்போது அப்ரண்டிஸ் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டிருக்கிறான். புரொவிஷனல் சர்டிஃபிகேட் ஏறிவிட்டது, போட்டோவைத்தான் சைஸ் பெரிது என்று மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறது.