கொடைக்கானல்ல சாப்பிட்டா பில்லுல "சர்வீஸ் சார்ஜ்" இருக்கான்னு பாத்துட்டு காசு குடுங்க

லீவுக்கு கொடைக்கானல் வர்றவங்க, முக்கியமா குடும்பமா வந்து பெரிய டேபிள்ல உக்காந்து சாப்பிடறவங்க இத படிச்சுட்டு மலை ஏறுங்க. ஏரிப் பக்கம் ஒரு ரெஸ்டாரன்ட்ல எங்களுக்கு நடந்தது இது. புகார் குடுத்திருக்கேன், அது முடியற வரைக்கும் கடை பேரு போட வேணாம்னு எங்க வீட்டுல சொல்றாங்க, அதனால பேரு இல்ல.

நான் வத்தலக்குண்டு. கொடைக்கானல் எங்களுக்கு புதுசு இல்ல, ஆனா சீசன் டைம்ல அங்க உக்காந்து சாப்பிடறது அபூர்வம். சென்னையில இருந்து நாத்தனார் குடும்பம் வந்திருந்தாங்க, பிள்ளைங்க கேட்டதுக்காக போனோம். ஆர்டர் எடுக்கவே அவ்ளோ நேரம். சூப் சொன்னது ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டு முடிச்சப்புறம் வருது, பரோட்டா ஆறிப்போய் வெறச்சு கெடக்கு, அந்தக் குளிர்ல மாமியாருக்கு ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டு கேட்டு கடைசியில நானே கவுன்டர்ல போய் வாங்கிட்டு வந்தேன். கூட்டம், பசங்க பாவம்னு விட்டுட்டோம். அதுக்காக நான் இத எழுதல.

பில்லு வந்துச்சு. சாப்பாடு 2,480. அதுக்குக் கீழ சர்வீஸ் சார்ஜ் 10 பர்சன்ட், 248. ரெண்டையும் கூட்டி 2,728. அந்த 2,728க்கு மேல சிஜிஎஸ்டி 68.20, எஸ்ஜிஎஸ்டி 68.20. ரவுண்டு பண்ணி 2,864. முறைப்படி 2,480க்கு 5 பர்சன்ட் ஜிஎஸ்டி 124 சேத்தா 2,604தான் வரணும், 260 ரூபா கூட. அதாவது அவங்களாவே ஒரு தொகைய ஏத்திட்டு அந்தத் தொகைக்கும் சேத்து நம்மகிட்ட வரி வாங்கறாங்க.

இது என்னன்னு கேட்டேன், டாக்ஸ் மேடம்னாரு கேஷியர். டாக்ஸ் தனியா கீழ இருக்கே சார்னு கேட்டதும் மேனேஜர் வந்தாரு. மெனு கார்டோட கடைசி பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருக்கு பாருங்கன்னாரு. போட்டிருந்தா மட்டும் கட்டணும்னு இல்லையே, விருப்பப்பட்டவங்கதான குடுக்கணும்னு கேட்டா, அதுக்கு கோர்ட்ல ஸ்டே இருக்கு உங்களுக்குத் தெரியாதான்னு கேக்கறாரு. இந்த ஸ்டே கதைய உங்ககிட்டயும் சொல்லுவாங்க, அதனால விவரமா சொல்லிடறேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ஆம் தேதி வழிகாட்டுதல் போட்டுச்சு. பில்லுல தானா சர்வீஸ் சார்ஜ் சேக்கக் கூடாது, வேற பேரு வச்சும் வாங்கக் கூடாது, குடுக்க மாட்டேன்னா உள்ள விட மாட்டோம்னு சொல்லக் கூடாது, அத சாப்பாட்டு பில்லோட கூட்டி அதுக்கு மேல ஜிஎஸ்டி போடக் கூடாது. எங்க பில்லுல நடந்தது அப்படியே இதுதான். ஹோட்டல்காரங்க சங்கங்க டெல்லி ஹைகோர்ட்டுக்கு போனாங்க, அந்த மாசமே ஸ்டே கெடச்சது உண்மை. ஆனா 2025 மார்ச் 28ஆம் தேதி அந்த வழக்குகள தள்ளுபடி பண்ணி, ரெண்டு சங்கத்துக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் செலவுத் தொகையும் போட்டு, வழிகாட்டுதல் செல்லும்னு தீர்ப்பு வந்துடுச்சு. பழைய ஸ்டேவ இன்னும் சொல்லிட்டு திரியறாங்க.

இத சொன்னதும் பேச்ச மாத்திட்டாரு. அமெரிக்காவுல 20 பர்சன்ட் டிப்ஸ் வைக்கறாங்க, நம்ம ஜனங்க பத்துக்கே கணக்கு பாக்கறாங்கன்னு எங்க மாமியார் முன்னாடியே சொன்னாரு. எனக்கு வந்த கோவம் சொல்ல முடியாது. அமெரிக்காவுல டிப்ஸ் வாங்கற வேலைக்கு முதலாளி குடுக்க வேண்டிய சம்பளம்னு அவங்க மத்திய சட்டம் வச்சிருக்கறது மணிக்கு 2.13 டாலர், 1991ல இருந்து அதே தொகை, மிச்சத்த வர்றவங்க டிப்ஸ்ல ஈடு கட்டணும்ங்கறதுதான் அங்க ஏற்பாடு. அதுவே சரியில்லன்னு அந்த ஊர்லயே சண்ட நடக்குது. நம்ம ஊர்ல ஹோட்டல் வேலைக்கு அரசாங்கம் குறைந்தபட்ச கூலி நிர்ணயம் பண்ணியிருக்கு, அத குடுக்க வேண்டியது முதலாளி. சாப்பிட வந்தவன் தலையில கட்டறதுக்கு அமெரிக்காவ ஏன் இழுக்கணும்?

வண்டி வெளிய ஹாரன் அடிக்குது, சின்னது தூங்கி வழியுது. பில்லு பின்னாடி "ஆட்சேபணையோட கட்டறேன்"னு தேதி போட்டு எழுதி போட்டோ எடுத்துட்டு 3,000 குடுத்தோம், டவர் இல்லாததால கேஷ். பாக்கி 136 ரூபா வரவே இல்ல. கேட்டா, பசங்களுக்கு வச்சுக்கறோம்னு நெனச்சேன் மேடம்ங்கறாரு கேஷியர். சர்வீஸ் சார்ஜும் வாங்கிட்டு பாக்கியும் பசங்களுக்கா? நின்னு கேட்டு வாங்கினேன்.

எங்க மாமியார் எங்க சாப்பிட்டாலும் பரிமாறின பிள்ள கையில ஏதாவது குடுக்காம எந்திரிக்க மாட்டாங்க, அன்னைக்கும் எங்களுக்கு பரிமாறின பையன கூப்பிட்டு 50 ரூபா குடுத்தாங்க. மேல்மலைப் பக்கத்துப் பையன், ஊர் பேரு சொன்னா அவன் வேலைக்கு ஆபத்து. வாசல் வரைக்கும் மாமியார கைபிடிச்சு கூட்டிட்டு வந்தான். வெளிய வந்ததும் நான் கேட்டேன், தம்பி அந்த 248ல உங்களுக்கு எவ்ளோ வரும்னு. "அக்கா, அது எங்களுக்கு வராதுக்கா, பில்லுல போட ஆரம்பிச்சதுல இருந்து சாப்பிட வர்றவங்க டேபிள்ல டிப்ஸ் வைக்கறதையும் நிறுத்திட்டாங்க"ன்னான். எல்லாரும் நாங்கதான் வாங்கிட்டோம்னு நெனச்சுட்டு போறாங்கக்கான்னு சொல்லும்போது அவன் குரலே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

எனக்கு 260 ரூபாய விட இதுதான் பொறுக்கல. அந்தப் பசங்க பேரச் சொல்லி நம்மகிட்டயும் வாங்கி, அவங்க கைக்கு தானா வந்துட்டு இருந்ததையும் நிறுத்தி வச்சிருக்காங்க. அந்தக் குளிர்ல காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நிக்கறது அவங்கதான. டிப்ஸ் குடுக்காதீங்கன்னு நான் சொல்லவே இல்ல, மனசு இருந்தா பில்லுக்குள்ள விடாம பரிமாறினவங்க கையிலயே குடுங்க. பில்லுல சர்வீஸ் சார்ஜ், ஸ்டாஃப் வெல்ஃபேர், எந்தப் பேருல இருந்தாலும் எடுத்துட்டு புது பில்லு போடச் சொல்லுங்க, கட்டறதுக்கு முன்னாடியே.

எடுக்க மாட்டோம்னா அங்க உக்காந்தே 1915க்கு கூப்பிடுங்க. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். 8800001915ங்கற நம்பருக்கு வாட்ஸ்அப்பும் பண்ணலாம். அதுல சரியாகலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நீங்க குடியிருக்கற ஊர்லயே வழக்கு போடலாம், இதுக்காக மறுபடி திண்டுக்கல் வரணும்னு இல்ல. அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸும் கிடையாது. டூரிஸ்ட்தான, கீழ எறங்கிட்டா யாரு திரும்ப வந்து கேக்கப் போறாங்கங்கற தைரியத்துலதான் இவங்க இப்படிப் பண்றாங்க, அதனால சென்னைக்காரங்க, கோயம்புத்தூர்க்காரங்க இந்த ஒரு விஷயத்த நல்லா ஞாபகம் வச்சுக்கங்க.

நான் 1915ல புகார் பதிஞ்சு பில்லு போட்டோவும் அனுப்பியிருக்கேன். பதில் இன்னும் வரல, வந்ததும் எழுதறேன். இந்த சீசன்ல ஏரிப் பக்கம் சாப்பிட்டவங்க யார்கிட்டயாவது சர்வீஸ் சார்ஜ் போட்ட பில்லு இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, நீங்களும் உங்க பேருல ஒரு புகார் குடுங்க.