அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு நெபுலைசர் வாங்கலாமா?

மருந்துக்கடை அலமாரியில் பி.பி. பார்க்கும் கருவிக்குப் பக்கத்திலேயே இப்போது நெபுலைசரும் இருக்கிறது. பிள்ளைக்கு மாதாமாதம் சளி, ராத்திரி முழுக்க இருமல். ஒவ்வொரு தடவையும் கிளினிக் வாசலில் காத்திருப்பதைவிட ஒன்றை வாங்கிவிடலாம் என்று பெற்றோர் நினைப்பதில் வியப்பில்லை. கம்ப்ரசர் (காற்றழுத்தத்தில் ஓடுவது), அல்ட்ராசோனிக் (நுண் அதிர்வில் ஓடுவது), மெஷ் (நுண்துளை வலை கொண்டது) என்று மூன்று வகை கிடைக்கின்றன. அதே கடையில், பலர் கேட்கவே கேட்காத ஸ்பேசரும் கிடைக்கும். இன்ஹேலர் மருந்தைப் பிடித்துவைத்து, பிள்ளை மூச்சோடு இழுக்க உதவும் பிளாஸ்டிக் குழல் அது. இந்த நான்கையும்தான் இங்கே எடை போடுகிறோம்.

முதலில், நெபுலைசர் என்பது மருந்து அல்ல. திரவ மருந்தை 5 மைக்ரானுக்கும் சிறிய துளிகளாக உடைத்து மூச்சுக்குழாய்க்கு அனுப்பும் கருவி, அவ்வளவே. அது வைரஸைக் கொல்லாது, அடுத்த மாதச் சளியைத் தடுக்கவும் செய்யாது. அதில் ஊற்றும் சால்பியூட்டமால், சுருங்கிப்போன மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. வீசிங், அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி வரும் இளைப்பு, இருந்தால்தான் அதற்கு வேலை. மூக்கடைப்பால் தொண்டையில் கேட்கும் கர் கர் சத்தத்துக்கு அதை வைத்தால் நெஞ்சுப் படபடப்பும் கை நடுக்கமும்தான் வரும். அந்தச் சத்தத்துக்கு 0.65% உப்புநீர்ச் சொட்டு மருந்து, பாலூட்டுவதற்கு முன்பு ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு விட்டால் போதும்.

மூன்றில் கம்ப்ரசர் வகையே நம்பகமானது. சத்தம் போடும், கனமாக இருக்கும். ஆனால் சால்பியூட்டமால், பியூடசோனைடு (மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு) இரண்டையும் ஒழுங்காகத் தூவும், பல ஆண்டு உழைக்கும். விலை ஏறக்குறைய 1,500 முதல் 3,000 ரூபாய். அட்டைப்பெட்டியில் பார்க்க வேண்டியவை இரண்டு: காற்றோட்டம் நிமிடத்துக்கு 6–8 லிட்டர், துளி அளவு 5 மைக்ரானுக்குள். பிராணிப் படம் போட்ட உறைக்காக நூறு ரூபாய் கூடக் கொடுப்பதைவிட, மாற்று ஃபில்டரும் மருந்துக் கிண்ணமும் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்பது நல்லது.

வீட்டில் தவறு நடப்பது பெரும்பாலும் கிண்ணத்தில்தான். எந்தக் கிண்ணமாக இருந்தாலும் கடைசியில் சுமார் 1 மி.லி. மருந்து சுவரில் ஒட்டி நின்றுவிடும். 2 மி.லி. பியூடசோனைடை மட்டும் ஊற்றினால் ஏறக்குறைய பாதி வீணாகிறது. அதனால்தான் மருத்துவர்கள் 0.9% சலைன் சேர்த்து மொத்தம் 3–4 மி.லி. ஆக்கச் சொல்கிறார்கள். குழாய்த் தண்ணீர், கொதித்து ஆறிய நீர், யூகலிப்டஸ் தைலம், பாம் எதையும் ஊற்றக் கூடாது. தைலம் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டி இளைப்பைக் கூட்டிவிடும். வெறும் நீரும் மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கும்.

8–10 நிமிடத்தில் முடிய வேண்டும். கால் மணி நேரம் கடந்தும் மருந்து தீரவில்லை என்றால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது ட்யூப் பொருந்துமிடத்தில் காற்றுக் கசிகிறது. மோட்டார் ஓடியும் புகையே வரவில்லை என்றால் கிண்ணத்துக்குள் தொப்பி போல உட்காரும் சிறு பிளாஸ்டிக் துண்டைத் தேடுங்கள். கழுவும்போது தொட்டியோடு போய்விடுவது அதுதான். அது இல்லாமல் மருந்து துளியாக உடையாது. பிள்ளையைப் படுக்கவைத்துக் கிண்ணத்தைச் சாய்த்தாலும் தூவல் நின்றுவிடும். மடியில் நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும்.

மாஸ்க்கை முகத்துக்கு இரண்டு அங்குலம் தள்ளிப் பிடித்துப் புகை காட்டும் பழக்கம் எங்கும் உண்டு. அப்படிப் பிடித்தால் மருந்து அறைக்குத்தான் போகும். மூக்கும் வாயும் மூடும்படி மாஸ்க் படிந்து உட்கார வேண்டும். அழுகிற பிள்ளைக்கு ஆழ்ந்த மூச்சு உள்ளே போகிறது என்று ஆறுதல் சொல்லிக்கொள்வதும் தவறு. அழும்போது மூச்சை வெளியேதான் நீளமாக விடுகிறார்கள். மருந்து தொண்டையிலேயே தங்கிவிடுகிறது.

அல்ட்ராசோனிக் வகை சத்தமில்லாதது என்பதற்காக வாங்காதீர்கள். பியூடசோனைடு தண்ணீரில் கரையாமல் மிதக்கும் மருந்து. இந்தக் கருவி தண்ணீரைத் தூவிவிட்டு மருந்தைக் கிண்ணத்தில் விட்டுவிடும். மெஷ் வகை கைக்கடக்கமானது, பேட்டரியில் ஓடும், மருந்தும் அதிகம் மிஞ்சாது. பயணத்துக்கும் மின்வெட்டுக்கும் அருமை. ஆனால் வலையின் நுண்துளைகள் எளிதில் அடைபடும். ஒவ்வொரு முறையும் உடனே கழுவ முடியாத வீட்டுக்கு அது செட்டாகாது.

கழுவுவதைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஈரக் கிண்ணத்தை மூடிப் பெட்டிக்குள் வைத்தால் அடுத்த முறை மருந்தோடு சேர்த்துக் கிருமியையும் நேராக நுரையீரலுக்கே அனுப்புகிறோம். சளிக்கு வாங்கிய கருவியே தொற்றுக்குக் காரணமாவது இப்படித்தான். ஒவ்வொரு முறையும் கிண்ணத்தையும் மாஸ்க்கையும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, நல்ல நீரில் அலசி, உதறி, சுத்தமான துணியின் மேல் காற்றில் காயவிட வேண்டும். கையேடு அனுமதித்தால் வாரத்தில் சில முறை, ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு நீர் கலந்து அரை மணி நேரம் ஊறவிடலாம். ட்யூபைக் கழுவக் கூடாது. உள்ளே ஈரம் தெரிந்தால் கிண்ணத்தைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் மோட்டாரை ஓடவிடுங்கள். அண்ணன் தங்கைக்கு ஒரே மாஸ்க் வேண்டாம்.

இனி ஸ்பேசர். சில நூறு ரூபாய் விலை, மின்சாரம் வேண்டாம், இரண்டே நிமிட வேலை. எங்கள் முதல் ஓட்டு இதற்குத்தான். அவசரப் பிரிவுக்கு ஆஸ்துமாவோடு வந்த குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஸ்பேசர் நெபுலைசருக்குக் குறைவில்லாத பலன் தந்தது. பிள்ளைகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், இதயத் துடிப்பும் அவ்வளவாக ஏறவில்லை. நெபுலைசரில் 2.5 மி.கி. சால்பியூட்டமால் செய்யும் வேலையை ஸ்பேசரில் 100 மைக்ரோகிராம் கொண்ட 2 முதல் 6 பஃப் (இன்ஹேலரை ஒரு முறை அழுத்துவது ஒரு பஃப்) செய்துவிடுகிறது. எத்தனை பஃப் என்பதை உங்கள் மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரில் செருகி, மாஸ்க்கை முகத்தோடு பொருத்தி, ஒரே ஒரு பஃப் அழுத்த வேண்டும். பிள்ளை 5–6 முறை மூச்சு விடும்வரை எடுக்கக் கூடாது. வால்வு அசைவதைப் பார்த்தே எண்ணலாம். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடம் விட்டு மறுபடி குலுக்குங்கள். இரண்டு பஃப்பைச் சேர்த்து அழுத்தினால் துளிகள் ஒன்றோடொன்று மோதி ஸ்பேசர் சுவரிலேயே படிந்துவிடும். நான்கு வயதுக்கு மேல் மாஸ்க் இல்லாமல் வாயில் வைத்தே இழுக்கப் பழக்கலாம். புது பிளாஸ்டிக் ஸ்பேசரைச் சோப்பு நீரில் முக்கியெடுத்துத் துடைக்காமல் காயவையுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஸ்டீராய்டு மருந்து என்றால் பிறகு வாய் கொப்பளித்து முகம் கழுவ வேண்டும்.

"இன்ஹேலர் வைத்தால் பழகிவிடும்" என்று பயந்து நெபுலைசர் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். இரண்டிலும் போவது ஒரே மருந்துதான். அந்தப் பயத்தால் தினமும் வைக்க வேண்டிய தடுப்பு மருந்தை நிறுத்திவிட்டு, இளைப்பு வந்த பிறகு இயந்திரத்தைத் தேடுவது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை.

எந்தக் கருவியும் தொடாத பக்கம் ஒன்று இருக்கிறது. ஐந்து வயதுக்குள் வருடத்துக்கு 6–8 முறை சளி பிடிப்பது இயல்பு. பள்ளிக்கூடமோ கிரெச்சோ போகத் தொடங்கிய வருடம் அது இன்னும் கூடும். இருமல் மூன்று வாரம்கூட நீளும் என்பதால் ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து, பிள்ளை எப்போதும் சளியோடு இருப்பதாகவே தோன்றும். இடையில் நன்றாக விளையாடி, எடையும் ஏறினால் கவலை வேண்டாம். வருடத்துக்கு இரண்டு முறை நிமோனியா, எக்ஸ்ரேயில் ஒரே இடத்திலேயே திரும்பத் திரும்பச் சளி, எடை ஏறாமை, அடிக்கடி காது சீழ், வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்குவது, இவற்றில் ஏதாவது இருந்தால் கடைக்குப் போகாமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். மூச்சுக்குழாயில் சிக்கிய வேர்க்கடலை, அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) வீக்கம், காசநோய், பிறவி இதய நோய், நோய் எதிர்ப்புக் குறைபாடு என்று தேட வேண்டிய பட்டியல் வேறு.

தலைக்குக் குளிப்பாட்டியதும் கைக்குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதையும், மூக்கில் எண்ணெய் விடுவதையும் விட்டுவிடுங்கள். நுரையீரலுக்குள் இறங்கிய எண்ணெயை எந்த நெபுலைசரும் வெளியே எடுக்காது. ஒரு கொசுவர்த்திச் சுருள் விடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சுருளைவிடக் கொசுவலையே மேல். நிமோகாக்கல் தடுப்பூசி 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் அரசு மையங்களில் இலவசம். ஃப்ளூ தடுப்பூசி அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. 6 மாதம் முடிந்ததும் வருடந்தோறும் போடலாம். முதல் வருடம் மட்டும் 4 வார இடைவெளியில் இரண்டு டோஸ்.

ஆகவே, வீசிங் என்று மருத்துவர் உறுதிசெய்த பிள்ளைக்கு ஸ்பேசர் வாங்குங்கள். ஸ்பேசரை வைக்கவே விடாத பிள்ளை, அடிக்கடி கடுமையாக இளைக்கும் பிள்ளை, ஆஸ்பத்திரி தூரமான ஊர் என்றால் கூடவே கம்ப்ரசர் நெபுலைசரும் இருக்கட்டும். அல்ட்ராசோனிக் வேண்டவே வேண்டாம்.

எதை வாங்கினாலும், பிள்ளை அழாமல் இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, கருவியை அங்கேயே வைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.