மக்காச்சோள ரொட்டிக்கு இரும்புச் சட்டியா, கேக் தட்டா?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கார்ன்பிரெட், அதாவது அவனில் சுடும் மக்காச்சோள ரொட்டி, என்றாலே வார்ப்பிரும்புச் சட்டிதான். வெறும் சட்டியை 220 டிகிரி செல்சியஸ் அவனில் நன்றாகக் காயவிட்டு, கொஞ்சம் பன்றிக் கொழுப்பைப் போட்டு, மோர் விட்டுக் கரைத்த மக்காச்சோள மாவை ஊற்றினால் 'சுர்'ரென்று சத்தம் வரும், அந்த நொடியிலேயே அடிப்பக்கம் மொறுமொறுப்பாகத் தொடங்கிவிடும்.

அலுமினியக் கேக் தட்டில் இது நடக்காது. லேசான தட்டு, சூட்டைப் பிடித்து வைக்காது, அடி வெளிறி மெத்தென்றுதான் வரும். சர்க்கரையும் மைதாவும் தாராளமாகச் சேர்க்கும் வட மாநில இனிப்பு வகைக்கு அது போதும்.

என் ஓட்டு சட்டிக்கே. கனம்தான், கைப்பிடியும் சுடும், சரி, துணி இல்லாமல் தொடாதீர்கள். அப்புறம், கடையில் கார்ன்ஃபிளவர் என்று தருகிற வெள்ளைப் பொடியை வாங்கிவிடாதீர்கள், அது வெறும் ஸ்டார்ச்; ரவை போல அரைத்த மாவுதான் வேண்டும்.