தென்னந்தோப்பு விற்ற பணமும் நாலு வருடக் காத்திருப்பும்

"இப்போ 8 லட்சம் டாலராமே, போடலாமா?" என்று நண்பர் கேட்டார். அங்கே பணத்தை முதலீடு செய்து குடும்பத்தோடு நிரந்தரமாகக் குடியேறும் அமெரிக்க ஈபி-5 விசாவுக்கு நாங்கள் மனு போட்டது 2019 ஜூலையில். அப்போது 5 லட்சம்தான். ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர்தான் வெளியே அனுப்பலாம் என்பதால் மார்ச்சில் பாதி, ஏப்ரலில் மீதி. மனு ஏற்கப்பட்டபோது 2023 முடியப்போகிறது.

தாமதத்தில் பாதி சட்டத்தாலேயே வருவது. ஆண்டுக்குச் சுமார் 10,000 விசா, அதில் மனைவி, பிள்ளைகளுக்கானதும் அடக்கம், நாட்டுக்கு 7 சதவீத உச்சவரம்பு வேறு. நடுவில் 2021 ஜூன் 30-ல், பலரின் முதலீட்டைச் சேர்த்துப் போடும் ரீஜனல் சென்டர் திட்டமே காலாவதியாகி, 2022 மார்ச்சில் புதுச் சட்டம் வரும்வரை கோப்பு அப்படியே கிடந்தது. சரி, அதைப் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது ஆர்எஃப்இ, அதாவது கூடுதல் ஆதாரம் கேட்டு வந்த கடிதம். உடுமலைப் பக்கம் இருந்த தென்னந்தோப்பை விற்று அப்பா கொடுத்த பணம் அது. கிரயப் பத்திரம், வங்கிக் கணக்கு எல்லாம் முதலிலேயே வைத்திருந்தோம். மூன்றரை வருடம் கழித்துக் கேட்கிறார்கள்: 1988-ல் அந்தத் தோப்பை வாங்க அப்பாவுக்கு ஏது பணம், வருமான வரிக் கணக்கு எங்கே என்று. விவசாய வருமானத்துக்கு இங்கே வருமான வரி கிடையாது. அப்பா கணக்குத் தாக்கல் செய்ததே இல்லை. 12 வாரம் கெடு. 79 வயதில் அவர் அடங்கலுக்காக விஏஓ ஆபீசுக்கும், பழைய தேங்காய்ச் சீட்டுக்காக மண்டிக்கும் அலைந்தார். கேட்டது தப்பில்லை. பணம் நேர்வழியில் வந்ததா என்று பார்ப்பது அவர்கள் கடமை. ஆனால் முதல் வருடமே கேட்டிருக்கலாம், அப்போது மண்டிக்காரர் உயிரோடு இருந்தார்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மனு நிலுவையில் இருந்த காலத்தை மகளின் வயதில் கழித்துக்கொண்டார்கள். 22 வயதாகி, பிள்ளைகளுக்கான 21 வயது வரம்பைத் தாண்டியிருந்தவள் கணக்கில் 21-க்குக் கீழே வந்து எங்களோடு சேர்ந்தே போனாள். அதைச் சொல்லி வந்த கடிதத்தைப் பார்த்து அவள் அம்மா அழுதுவிட்டாள்.

இப்போது அமெரிக்கக் கிராமப்புறத் திட்டங்களில் முதலீடு செய்பவர்களுக்கென்று 20 சதவீத விசாவை ஒதுக்கியிருக்கிறார்கள், அந்த மனுக்களைப் பார்ப்பதிலும் முன்னுரிமை உண்டு. எங்களுக்கு இருந்ததைவிட நண்பருக்கு வழி எவ்வளவோ சுலபம். ஆனாலும் அவர் போடப்போவது மாமனார் நிலம் விற்ற பணம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.